நின்றுபோன வில் வேலையை மீண்டும் தொடங்க: பலகையா, மூங்கிலா, பரணில் கிடக்கும் பழைய கட்டையா?

மரவில் செய்வதை விட்டு எட்டு, பத்து வருடம் ஆனபின் திரும்பி வருகிறவர்களில் பலரும் முதலில் பரணில்தான் ஏறுகிறார்கள். அன்றைக்குப் பிளந்து காயப்போட்ட கட்டை அங்கே இருக்கும். இத்தனை வருடம் காய்ந்த மரத்தைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும் என்று தோன்றும். மரத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனாலும் முதல் வில்லை அதில் தொடங்க வேண்டாம்.

நீண்ட இடைவெளியில் கை அதிகம் மறப்பதில்லை. இழைப்புளி தள்ளுவதும் அரம் பிடிப்பதும் இரண்டு நாளில் திரும்பிவிடும். போய்விடுவது கண். பாதி இழுத்து நிறுத்திய வில்லைப் பார்த்தவுடன் ‘இங்கே கூடுதலாக வளைகிறது, அங்கே கட்டையாக நிற்கிறது’ என்று சொல்லும் கண். டில்லரிங், அதாவது வில் சீராக வளையும்வரை மரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிற வேலை, முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது. அது திரும்ப வேண்டுமானால் நிறைய நேரம் வளைந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழியில்லை.

அதனால் மரத்தை ஒப்பிடும்போது எது நல்ல வில் தரும் என்று கேட்பதைவிட வேறு மூன்று கேள்விகள் முக்கியம். எந்த மரம் சீக்கிரம் டில்லர் மரத்தில் (வில்லை மாட்டிக் கயிற்றால் இழுத்து வளைவைப் பார்க்கும் சட்டத்தில்) ஏறும்? உடைந்தால் எவ்வளவு நட்டம்? உடைந்தபின் தவறு மரத்திலா கையிலா என்று தெரியுமா?

சொற்களை முதலில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. பிடிக்கு மேலும் கீழும் வளைபவை லிம்புகள். முனையில் நாண் மாட்டும் வெட்டு குதை. (பழந்தமிழில் சிலை என்றால் வில். வில் செய்ய உதவிய ஒரு மரத்துக்கும் அதே பெயர் இருந்தது. மரமும் கருவியும் ஒரே சொல்லாக இருந்திருக்கின்றன.)

பலகை வில்

மரவாடியில் வாங்கிய அறுத்த பலகையில் செய்வது. தமிழ்நாட்டில் பெரிய மரவாடிகளில் ஆஷ், ரெட் ஓக், மேப்பிள் ஆகிய இறக்குமதிப் பலகைகள் கிடைக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. ரெட் ஓக் எந்தக் கட்டுமானப் பொருள் கடையிலும் இருக்கும், ஹிக்கரி கிடைத்தால் அதையே எடுக்கலாம். தேவையான அளவு நம்மூர் ரீப்பர் அளவுதான்: ஆறடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். தேக்கு வேண்டாம். கதவுக்கும் கட்டிலுக்கும் அதைப்போல மரம் இல்லை, ஆனால் அதிர்ச்சி தாங்கும் குணம் அதற்குக் குறைவு. வில்லின் முதுகுக்கு வேண்டிய குணம் அதுதான்.

பலகை வில்லில் வெற்றியோ தோல்வியோ கடையிலேயே பாதி முடிந்துவிடுகிறது. நாற்பது பலகையைப் புரட்டி ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அகல முகத்தில் ஓடும் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓரத்தைத் தொடாமல் போக வேண்டும். பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். ஓக், ஆஷ் மரங்களில் ரேகையைவிட நம்பத்தகுந்த அடையாளம், முகத்தில் சின்னச் சின்னக் கீறல்களாகத் தெரியும் துளைகள். நார் உண்மையில் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டுபவை அவைதான். நார் முதுகில் சாய்வாக வெளியேறும் இடத்தில், இழுக்கும்போது சிராய் எழும்பும். அங்கேதான் வில் உடையும். உடைந்த துண்டில் முறிவு நீளச் சரிவாக இருந்தால் தவறு மரத் தேர்வில். குறுக்கே சட்டென்று முறிந்திருந்தால் மரம் மிக வறண்டதா, உளுத்ததா, அல்லது அந்த இடம் கூடுதலாக வளைந்ததா என்று பார்க்க வேண்டும். பலகை இப்படித் தெளிவாகப் பதில் சொல்வது திரும்பி வருகிறவருக்குப் பெரிய உதவி.

அளவுகளுக்கு வருவோம். இரண்டு கைகளையும் விரித்த அகலத்தை 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் (முழுதாக இழுக்கும்போது பிடியிலிருந்து நாண் நிற்கும் தூரம்) ஏறத்தாழ கிடைக்கும். 165 செ.மீ. விரிப்பு என்றால் 66 செ.மீ., அதாவது 26 அங்குலம். ஓக், ஆஷ், மேப்பிளுக்கு வில்லின் நீளம் இழுப்பைப் போல 2.4 மடங்கு இருக்கட்டும்: 26 அங்குல இழுப்புக்கு 63 அங்குலம், 28க்கு 67. இரண்டு அங்குலம் கூட்டினால் தவறில்லை. நடுவில் பிடிக்கு 4 அங்குலம், அதன் இருபுறமும் கனம் சரிந்து இறங்க இரண்டிரண்டு அங்குலம். லிம்பின் பாதிவரை அகலம் முழு 38 மி.மீ.; அங்கிருந்து குதைவரை நேர்கோடாகக் குறைந்து 12 மி.மீ. கனம், சரிவு முடியும் இடத்தில் 14 மி.மீ., முனையில் 11 மி.மீ. இது தொடக்கக் கனம்தான். டில்லரிங்கில் இன்னும் இறங்கும்.

முக்கால் அங்குலக் கனம் பிடிக்குப் போதாது. அதே மரத்தில் 20 செ.மீ. நீளத் துண்டை வயிற்றுப் பக்கம் மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்ட வேண்டும். பலகை வில்லில் அடிக்கடி நடக்கும் விபத்து இந்தத் துண்டு ‘டப்’ என்று கழன்று வருவது. பழி பசைமேல் போகும். உண்மையில், சரிவுக்கு அடியில் உள்ள மரம் வளைகிறது; துண்டு வளைய மறுக்கிறது; நடுவில் பசை கிழிகிறது. துண்டின் முனைக்கு முன்பே லிம்பின் கனம் கூடத் தொடங்கிவிட்டால் அந்த இடம் வளையாது, பசையும் நிற்கும்.

முதுகில் ஜரிகையில்லாத பட்டுத் துணியோ லினனோ ஒரு பட்டையாக மரப்பசையால் ஒட்டுவது நல்ல காப்பு. சின்னச் சிராய் எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். நார் சாய்ந்த பலகையை அது காப்பாற்றாது.

பலகையை வாங்கிய வார இறுதியிலேயே டில்லர் மரத்தில் ஏற்றிவிடலாம். ஒரே பலகைக் கட்டிலிருந்து இரண்டு எடுத்து, இரண்டு வில்லையும் சேர்த்தே செய்வது இன்னும் நல்லது. ஒன்றில் கண்ட தவறை அடுத்ததில் அன்றே திருத்தலாம்.

மூங்கில் வில்

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதுதான் கைக்கெட்டும் பொருள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017இல் இந்திய வனச் சட்டத்தில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டதால், தோட்டத்து மூங்கிலை வெட்டுவதும் எடுத்துச் செல்வதும் முன்னைவிட எளிது. இந்தியாவில் மூங்கில் வில்லுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவும் இருக்கிறது. இதைப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கத் தேவையில்லை.

கல் மூங்கில்தான் உறுதி, அதுதான் வில்லுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். உறுதி உண்மை. ஆனால் அது பருமன் குறைந்த மூங்கில். 6 செ.மீ. விட்டமுள்ள கழியில் 4 செ.மீ. அகலப் பிளாச்சு எடுத்தால், அதன் நடுமுதுகு ஓரங்களைவிட ஏறத்தாழ 8 மி.மீ. மேடாக இருக்கும். மொத்தக் கனமே 12 மி.மீ. என்றால் ஓரத்தில் நிற்பது 4 மி.மீ.தான். 10 செ.மீ. விட்டத்தில் அதே பிளாச்சின் மேடு 4 மி.மீ. மட்டுமே. அகலமான தட்டை வில்லுக்கு, அடிப்பகுதி பருத்துச் சுவர் தடித்த முள் மூங்கில் பொருந்தும். கல் மூங்கிலில் செய்வதானால் அகலத்தை 3 செ.மீ.க்குக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள்.

மூன்று, நான்கு வயது முற்றிய கழியின் அடிப்பகுதி வேண்டும். இளங்கழி காயும்போது சுருங்கி வளையும், பூச்சியும் சீக்கிரம் வரும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் துளைப்பான் வருகிறது. பிளந்த பிளாச்சுகளை 10 லிட்டர் நீரில் 200 கிராம் போரிக் ஆசிட், 300 கிராம் போராக்ஸ் கரைத்து ஒரு வாரம் ஊறவைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, எடை இறங்குவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம்.

மூங்கிலின் பலம் முழுவதும் வெளித்தோலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் நாரில் இருக்கிறது. அதுதான் முதுகு. மேல் மெழுகை மட்டும் சுரண்டலாம், நாரைத் தொடக் கூடாது. கணுவின் புடைப்பை லேசாக மழுங்க வைத்தால் போதும், மட்டமாகச் சீவக் கூடாது. குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான். உட்பகுதி மென்மையானது, நசுக்கத்துக்குத் தளர்ந்துவிடும். மூங்கில் வில் உடைவதைவிட வளைந்தபடியே நின்றுவிடுவதுதான் அதிகம். அதற்கு மருந்து, வயிற்றுப் பக்கத்தை வெப்பக்காற்றுத் துப்பாக்கியாலோ கரியடுப்பின் தணலிலோ மெதுவாக வாட்டுவது. வெளிர்பழுப்பு நிறம் வந்தால் போதும். கருகினால் அந்த இடத்தைச் சீவி எறிய வேண்டிவரும்.

டில்லரிங் கற்கும் பொருளாக மூங்கிலுக்கு ஒரு குறை உண்டு. கணு விறைப்பாக நிற்கும், கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி எளிதில் வளையும். இதனால் வளைவு ஒருபோதும் பலகையில்போல வழவழப்பாகத் தெரியாது. மீண்டும் பழகும் கண் குழம்பும். குழம்பியவர் கணுவைத் தட்டையாக்கப் போய், அதன் பக்கத்தில் கீல் விழ வைத்துவிடுவார். கீல் என்றால் ஒரே இடம் கதவுக்கீல்போல மடங்குவது. இந்தக் காரணத்தால்தான் பலகை கிடைக்கிற ஊரில் பலகையையே முதலில் சொல்கிறோம். பலகை கிடைக்காத ஊரில் மூங்கிலே போதும். பிடிக்கு இருபுறமும் கணுக்கள் ஏறத்தாழ ஒரே தூரத்தில் விழுமாறு நடுவைக் குறித்துக்கொண்டால் இரண்டு லிம்பையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மூங்கில் முதுகு ஒட்டிய வில்

இங்கே ஒப்பிடும் நான்கு வகையில் அழகும் வேகமும் அதிகமானது, மர வில்லின் முதுகில் மூங்கில் பட்டை ஒட்டிய இது. திரும்பிய முதல் மாதத்தில் தொடக் கூடாததும் இதுவே. மூங்கில் பட்டையை நடுவில் 3 மி.மீ., முனையில் 2 மி.மீ. கனத்துக்கு மட்டமாகத் தேய்க்க வேண்டும். மரத்தையும் அதே துல்லியத்தில் சமமாக்க வேண்டும். பிறகு முனைகள் 5 செ.மீ. முன்னோக்கி வளைந்திருக்குமாறு அச்சில் வைத்து, எபாக்சி தடவி இறுக்க வேண்டும். முப்பது கிளாம்பு இல்லாதவர்கள் சைக்கிள் டியூபை ஓர் அங்குலப் பட்டைகளாக வெட்டி இறுகச் சுற்றலாம். அழுத்தம் சீராகக் கிடைக்கும். இத்தனையும் செய்து ஏற்றினால், இழுக்கும்போது மூங்கில் அசைந்து கொடுக்காது, சுமை முழுவதும் வயிற்று மரத்தின் மேல் விழும். அது நசுக்கம் தாங்காத மரமென்றால் வயிற்றில் குறுக்கே முடிபோன்ற மெல்லிய கோடுகள் தோன்றும். அந்தக் கோடு வந்த இடம் தேறாது. ஒட்டும் வேலைக்குப் போன நாட்களெல்லாம் டில்லரிங்கில் சேராத நாட்கள். பழைய எபாக்சி டப்பா இருந்தால் அதை நம்பவும் வேண்டாம். கெட்டியானதா, கட்டி தட்டியதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் புதிதாக வாங்குங்கள்.

கண்ணாடி நாரிழைத் தகடு (ஃபைபர் கிளாஸ் லாமினேட்) ஒட்டிச் செய்யும் வில் வேறு தொழில். டில்லரிங் கண்ணைத் திருப்பித் தரும் வேலை அதில் மிகக் குறைவு.

பரணில் கிடக்கும் கட்டை

நன்றாகக் காய்ந்து, பூச்சி தொடாமல் இருந்தால் வயதினால் மரம் கெடுவதில்லை. பத்து வருடக் கட்டையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் பார்த்துவிட்டு. கட்டையை நிமிர்த்தித் தட்டினால் மாவுபோல் தூள் கொட்டுகிறதா? குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கின்றனவா? பட்டையை உரிக்காமல் வைத்திருந்தால் பட்டைக்கடியில் புழு ஓடிய தடம் இருக்கும். ஆஷ், ஹிக்கரி போன்ற வெளிர் மரங்களில் பட்டைக்கு நேர்கீழே உள்ள வளர்ச்சி வளையமே முதுகு. அதில் தடம் விழுந்திருந்தால் வளையத்தையே இறக்க வேண்டும். ஓசேஜ் ஆரஞ்சு போன்றவற்றில் வெளிறை (வெளிப்பக்க மரத்தை) எப்படியும் சீவி எறிந்து வைரத்துக்குள் (உள் மரத்துக்குள்) போகிறோம் என்பதால் வெளிறில் துளை இருந்தால் கவலையில்லை. சாம்பல் கோடுகளோடு பூஞ்சை ஓடிய மரத்தை அடுப்புக்கு அனுப்புங்கள்.

ஆனால் இதைத் தொடங்க ஒரு வளையத்தை முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் பின்தொடர வேண்டும். கணு வந்தால் அதைச் சுற்றிப் போக வேண்டும். மரம் முறுக்கியிருந்தால் ஆவியில் நேராக்க வேண்டும். இவை எல்லாமே டில்லரிங்குக்கு முந்தைய வேலை. முதுகில் ஒரு வெட்டு தவறினால் திரும்ப வாங்க முடியாத மரம் போகும். இந்தியாவில் சடச்சிக் கட்டை வைத்திருப்பவருக்கும் இதே சொல்வோம்: வடக்கே தாமன் என்று சொல்லி வில்லுக்கும் வண்டித் தண்டுக்கும் எடுத்த மரம் அது, கிடைப்பது அரிது. மூன்றாவது வில்வரை அது காத்திருக்கட்டும்.

புதிதாகப் பச்சை மரம் பிளக்கிறவர்கள், வெட்டிய சில மணி நேரத்துக்குள் இரு முனைகளிலும் மரப்பசையோ பெயின்டோ பூசுங்கள். உருவத்துக்குச் செதுக்கி வைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் காயும். அதற்குள் பலகை வில் இரண்டு முடிந்திருக்கும். அதனால் இதை இன்றே வெட்டிவைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ஈரம்

எந்த மரத்தை எடுத்தாலும் ஈரம் ஒன்றுதான் முடிவு செய்கிறது. வில் மரத்தில் 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும். 12ஐத் தாண்டினால் வளைந்தபடி நிற்கும். 6க்குக் கீழே போனால் முறியும். சென்னைபோல் காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காடு இருக்கும் கரையோர ஊரில் மரம் 14 விழுக்காட்டில் போய் நிற்கும். கடையில் வாங்கிய சூளையில் உலர்த்திய பலகையும் சில வாரத்தில் அங்கே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசம்.

இதற்கு ஒரு பிளைவுட் பெட்டி போதும். கட்டை நுழையும் நீளம், உள்ளே ஒரு 60 வாட் குண்டு பல்பு, மேலே இரண்டு துளை, ஒரு வெப்பமானி. பல்பு மரத்தையோ பலகையையோ தொடாமல் இருக்க வேண்டும். வெளியே 30 டிகிரி இருக்கும் 75 விழுக்காட்டுக் காற்றை உள்ளே 40 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே ஈரப்பதம் 43 அளவுக்கு இறங்கும். மரம் மெல்ல 8 விழுக்காட்டுக்கு வரும். எடை நிற்கும்வரை, ஒன்று இரண்டு வாரம், வைத்திருந்து எடுங்கள். டில்லரிங் நடக்கும் நாட்களிலும் இரவில் அதற்குள்ளேயே வையுங்கள்.

கண் திரும்பும்வரை

முதல் வில்லுக்கு இழுவிசை 30, 35 பவுண்டு (14 முதல் 16 கிலோ) போதும். நீங்கள் விட்டுப்போன வருடத்தில் 50 இழுத்திருக்கலாம். தோள் இப்போது அதே தோள் அல்ல. லேசான வில் மரத்துக்கும் சுமை குறைவு, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

கண்ணுக்கு ஊன்றுகோலாக ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். 15 செ.மீ. நீளத் தட்டைக் கட்டையின் நடுவில் துளையிட்டு ஒரு பென்சில் துண்டைச் செருகவும். வில்லை லேசாக வளைத்து நிறுத்தி, வயிற்றில் மிக அதிகமாக வளையும் இடத்தில் கட்டையை வைத்து, பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு இறக்கவும். இனி லிம்ப் முழுவதும் ஓட்டினால் பென்சில் எங்கே கோடு போடுகிறதோ அங்கே மரம் விறைப்பு. அங்கே மட்டும் சுரண்டவும். கோடு விழாத இடத்தை விட்டுவிடவும்.

சுரண்டுவதில் அளவு முக்கியம். விறைப்பு, கனத்தின் மும்மடியாக மாறுகிறது. 12 மி.மீ. லிம்பில் முழுக்க அரை மி.மீ. எடுத்தால் 12 விழுக்காடு போய்விடும், 35 பவுண்டில் நான்கு பவுண்டு. அதனால் சரிவு தாண்டிய பகுதியில் அரத்தை நிறுத்தி, இரும்புத் தகட்டுச் சுரண்டிக்கு மாறுங்கள். ஒவ்வொரு முறை மரம் எடுத்தபின்னும் 30 தடவை இழுத்துவிட்டுப் பிறகே வளைவைப் பாருங்கள். மரம் மாற்றத்தைக் காட்டச் சற்று நேரம் எடுக்கும், உடனே பார்த்தால் ஏமாற்றும். தொங்கு தராசு எப்போதும் டில்லர் மரத்தின் கயிற்றில் இருக்கட்டும். எந்த நிலையிலும் இலக்கு இழுவிசையைத் தாண்டி ஒரு பவுண்டும் இழுக்க வேண்டாம். முதலில் நாண் பிடியிலிருந்து 7, 8 செ.மீ. உயரத்தில் நிற்குமாறு மாட்டவும். வளைவு சரியானபின் 15 செ.மீ. நாணுக்கு 12 இழை டாக்ரான் (பாலியஸ்டர் நூல்) போதும். பழைய நாணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

நாணைக் கழற்றிய உடனே வில்லை நேர்க்கோலோடு ஒப்பிட்டு எவ்வளவு வளைந்து நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். முடிந்த வில்லில் இரண்டரை செ.மீ. வரை சாதாரணம், ஐந்தைத் தொட்டால் அம்பு சோம்பலாகப் போகும். 18 அங்குலம் இழுக்கும்போதே ஒரு செ.மீ. காட்டினால் அங்கேயே நிறுத்தி, வில்லைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து எடை பாருங்கள். எடை இறங்கினால் காரணம் ஈரம், காய்ந்தபின் தொடரலாம். இறங்காவிட்டால் லிம்ப் அந்த இழுவிசைக்கு ஒடுக்கம். இலக்கை ஐந்து பவுண்டு குறைத்து, மிச்ச வேலையை முடியுங்கள்.

முழு இழுப்புக்கு ஓர் அங்குலம் முன்பே சுரண்டுவதை நிறுத்தி, உப்புத்தாளுக்குப் போகவும். பூச்சு பூசுமுன் நூறு அம்பு எய்து பாருங்கள், இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 கிரெய்னுக்கு (அம்பு எடையின் அலகு) குறையாத அம்பு, 35 பவுண்டு வில்லுக்கு ஏறத்தாழ 20 கிராம். அதன்பின் வளைவு மறுபடி கொஞ்சம் மாறியிருக்கும். அந்தக் கடைசிச் சுரண்டல் முடிந்தபிறகுதான் எண்ணெயோ வார்னிஷோ.